காலில் பம்பாய் எழுதிய தாரா

போன சனிக்கிழமை ஒரு சின்னப் பிள்ளை என்னை அதட்டியது. முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று தினமும் காலையில் தேரூர் குளத்துக் கரையில் நடக்கிறேன். கார்த்திகை பிறந்து பனி இறங்கத் தொடங்கினால் அங்கே கேமராக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒரு முழ நீளக் கேமராவோடு தரையில் குப்புறப் படுத்துக் கிடந்த அந்தப் பெண்பிள்ளை, "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிப் போங்க, பறவை பயப்படுது" என்றது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அந்தக் குளத்துப் பறவைகளைப் பயமுறுத்துவதுதான் ஒன்பது வயதில் எனக்கு வீட்டார் கொடுத்திருந்த வேலை.

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கும்பப்பூ நெல் நடவு முடிந்து நாற்று வேர் பிடிக்கிற நேரத்தில்தான் வடக்கே இருந்து தாரா வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். ஒரு ராத்திரி விட்டுவிட்டால் போதும், வயலில் பாதி நாற்று காலையில் மிதக்கும். விடிந்ததும் பிஸ்கட் தகரத்தையும் ஒரு கம்பையும் கொடுத்து என்னைக் கரைக்கு விரட்டுவார் அம்மா. பள்ளிக்கூட மணி அடிக்கிற வரைக்கும் தகரம் தட்ட வேண்டும். நான் தட்டியதைவிட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம் என்பதை இத்தனை வருஷம் கழித்து யாரும் விசாரிக்கப் போவதில்லை.

மருத்துவாழ்மலைக்குப் பின்னால் வெளிச்சம் வரும்போது குளத்தின் மேல் பனி ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும். சேறும் தாமரைத் தண்டும் அழுகின பாசியும் சேர்ந்த அந்த வாசனை இப்போதும் எனக்குப் பிடிக்கும். நீலக்கோழி ஒற்றைக் காலால் தாமரைத் தண்டைப் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பு கடிப்பதுபோல் கடிக்கும். இலைக்கோழி தாமரை இலைமேல் நடந்துபோகும். இலை லேசாகத் தாழும், அமிழாது. நடுக்குளத்தில் தாராக்கள் வால் மேலேயும் தலை தண்ணீருக்குள்ளேயுமாகக் கவிழ்ந்து மேயும். நாங்கள் எல்லா வாத்தையும் தாரா என்றுதான் சொல்வோம். அதில் இத்தனை ரகம் உண்டு என்று எனக்குச் சொன்னவர் குழல் சார்.

குழல் சார் நாகர்கோவிலில் ஏதோ காலேஜில் பாடம் நடத்துகிறவர். சனிக்கிழமை காலையில் சைக்கிளில் வந்து, கழுத்தில் தொங்கும் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு கரையில் அசையாமல் நிற்பார். அதனால் அந்தப் பெயர். முதலில் அவரைக் குளத்தை அளக்க வந்த சர்க்கார் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வாழை வைத்திருந்தவர்களெல்லாம் அவர் தலையைக் கண்டதும் ஒளிந்துகொண்டார்கள். பறவை பார்க்கத்தான் வருகிறார் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. மரியாதையும் கூடவே போய்விட்டது.

இனி எங்கள் முற்றத்துக்கு வருகிறேன். ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று வீடு. மூத்தவர் பெரியப்பா, நடுவில் அப்பா, இளையவர் சித்தப்பா. பெரியப்பாவுக்கு ஒரே மகன். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவன், இருபது வயது. இந்தத் தாராக் கதைக்கு இரண்டு வருஷம் முந்தின அறுவடையில், நெல் சூடடிக்கிற களத்தில் காவலுக்கு இருந்தவன் தூங்கிவிட்டான் என்று, அடிப்பு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் பெரியப்பா அவன் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவன் நேராக வீட்டுக்கு வந்து குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, சாயங்காலம் பஸ் ஏறிப் போனவன்தான். அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் வரவில்லை. போனவன் எந்தப் பக்கம் போனான் என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து லீவுக்கு வந்த ஒரு ஊர்க்காரர், பம்பாயில் ஒரு ஓட்டலில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார். எந்த ஓட்டல், எந்தத் தெரு என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரியப்பா, அவன் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது, தேடவும் கூடாது, போனவன் போனவன்தான் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். பெரியம்மா எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அதோடு மற்றப் பேச்சையும் நிறுத்திவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குள் போகாது. என் தலையை வாரிப் பின்னிவிடுவது அவர்தான். அந்த இரண்டு வருஷமும் பாதிப் பின்னலில் அவர் கை அப்படியே நின்றுவிடும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அந்தக் கார்த்திகையில் ஒரு விடியற்காலை சித்தப்பா ஒரு சாக்கோடு வந்தார். வயலில் மூங்கில் நட்டு வலை கட்டித் தாரா பிடிப்பார் அவர். அந்தக் காலத்தில் அது தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. தாராக் கறிக்கு மிளகு கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பதுதான் ஊரில் இருந்த ஒரே கவலை. சாக்கை அவிழ்த்ததும் ஈரச் சிறகு நாற்றம் முற்றம் முழுக்கப் பரவியது. நீளக் கழுத்து, காப்பிப் பொடி நிறத் தலை, ஊசி மாதிரி வால். ஒரு சிறகு தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியபோது அந்தக் காலில் ஏதோ பளபளத்தது. ஒரு அலுமினிய வளையம்.

அதைப் பார்த்துவிட்டு அம்மாதான், "ஐயோ, இது நேர்ச்சைத் தாராவாக்கும், விடுங்க" என்றார். எங்கள் தெரு அம்மனுக்குக் கோழி நேர்ந்துவிட்டால் அதன் காலில் மஞ்சள் துணி கட்டுவார்கள். வசதி உள்ளவர்கள் செம்பு வளையம் போடுவார்கள். கோயில் கொடைத் திருவிழா வருகிற வரைக்கும் அந்தக் கோழி யார் வீட்டு நெல்லைத் தின்றாலும் ஒருவரும் கல்லெடுக்க மாட்டார்கள். கோழிக்கு வளையம் போட்டால் நேர்ச்சை. அப்படியானால் தாராவுக்குப் போட்டாலும் நேர்ச்சைதானே? முற்றத்தில் இருந்த யாருக்கும் வேறு விதமாக நினைக்கத் தோன்றவில்லை.

சித்தப்பாவுக்குக் கறி போய்விடுமே என்ற கவலை. பத்தாவது வரைக்கும் படித்தவர், வளையத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார். ஒரு நம்பர், அதன்பின் தேய்ந்துபோன இங்கிலீஷ் எழுத்துகள், கடைசியில் மட்டும் ஒரு வார்த்தை தெளிவாக இருந்தது. "பம்பாய்னு போட்டிருக்கு" என்றார்.

வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த பெரியம்மா வாளியைக் கீழே வைத்தார். முற்றத்தைக் கடந்து வந்து, சித்தப்பாவின் கையிலிருந்து தாராவை வாங்கி, முந்தானையில் பொதிந்துகொண்டார்.

"இது எனக்க மகன் நேந்து விட்டதாக்கும். இனி யாரும் இதத் தொடாண்டாம்" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு வருஷமாக யாரும் எடுக்காத பேச்சை, பெரியப்பா நாலடி தள்ளி வேப்பங்குச்சியோடு நின்றுகொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார். அம்மன் காரியத்தில் குறுக்கே பேசுகிற ஆள் எங்கள் தெருவிலேயே கிடையாது. பெரியப்பா வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தாரா பெரியப்பா வீட்டு முற்றத்தில், கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரத்துக்குள் குடியிருந்தது. பெரியம்மா அதன் சிறகில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டார். கல்யாணச் சீராக வந்த வாயகன்ற பித்தளை வட்டையில் தண்ணீர் நிரப்பி அதைக் குளிக்க விட்டார். தவிடும் சோறும் கொடுத்தார். காலையில் நான் தகரம் தட்டப் போகும்போது, அவரும் தாராவின் காலில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு கூடவே கரைக்கு வந்தார். அதைவிடப் பெரிய அதிசயம், அவர் சாப்பிடத் தொடங்கினார். என் பின்னல் பாதியில் நிற்கவில்லை. அந்த வாரம் அவர் ஒரு தடவை சிரித்ததைக்கூட நான் கேட்டேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியவர்களுக்குத்தான் பயம் வந்துவிட்டது.

சனிக்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் கரைக்குப் போய்க் குழல் சாரிடம் நம்பரைக் காட்டினார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பம்பாயில் பறவைகளைப் பற்றி ஆராய்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டி விடுவார்கள், வளையம் கிடைத்தவர்கள் எழுதிப் போட்டால் எங்கே விட்ட பறவை எங்கே வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள் என்றார். இந்தத் தாரா பம்பாயைப் பார்த்தே இருக்காது, ஆபீஸ்தான் அங்கே இருக்கிறது என்றும் சொன்னார். அப்பாவின் முகம் செத்துப்போய்விட்டது. திரும்பி வருகிற வழியில், இதைப் பெரியம்மாவிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அவர் உயிரே போய்விடும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். எனக்கும் வாயில் கை வைத்துக் காட்டினார் சித்தப்பா.

அடுத்த சனிக்கிழமை நான் இந்தப் பக்கத்து மதகில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்துப் படித்துறையில் பெரியம்மா தாராவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். குழல் சார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவரிடம் போவதைப் பார்த்ததும் மதகிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். சார் குனிந்து தாராவின் காலைத் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னார். கையை வடக்கே நீட்டினார், மலையைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் போச்சு, இனி சாப்பிட மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அன்று மத்தியானம் அவர் ரசம் விட்டு இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார். ஆகவே சார் மேகத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேசியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பெரியம்மா அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். வளையத்தில் போட்டிருக்கிற பம்பாய் விலாசத்துக்குத் தாரா வந்து சேர்ந்ததை எழுதிப் போட வேண்டும், அதில் தனக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். அப்பாவுக்கு மறுக்க மனம் வரவில்லை. குழல் சாரிடம் முழு விலாசம் வாங்கி, ஒரு இன்லண்ட் லெட்டரில் நம்பர், ஊர், தாரா கிடைத்த விதம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதினார். மீதி இடத்தைக் காட்டி என்னிடம் கொடுத்தார். "பெரியம்மா சொல்லுகத அப்படியே எழுது மக்கா. எதிர்த்து ஒண்ணும் கேக்காத" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், சீக்காளி வீட்டில் பேசுவதுபோல.

அடுக்களையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஐயா, உங்கள் ஊரில் என் மகன் இருக்கிறான் என்று ஆரம்பம். பிறகு அவன் பெயர், வயது, இடது புருவத்தில் தழும்பு இருப்பது, ஓட்டலில் பார்த்ததாக ஊர்க்காரர் சொன்னது. உங்கள் ஆபீஸில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்தால், எங்கள் பக்கத்து ஆட்கள் கூடுகிற இடத்தில் விசாரித்துச் சொன்னால் புண்ணியம் என்று முடிவு. நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு, தாராவைப் பற்றி எழுத வேண்டாமா என்று கேட்டேன்.

"அது ஒங்க அப்பா எழுதியாச்சுல்லா. எடம் கொஞ்சந்தான் இருக்கு" என்றார் பெரியம்மா.

சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினோம். அப்பா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை, என்ன எழுதினாய் என்று என்னைக் கேட்கவும் இல்லை. பாவம், மதினி மகனுக்கு ஏதோ எழுதியிருப்பார் என்று அம்மாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மார்கழி வந்தது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பெரியம்மா தாராவோடு பேசுகிறார் என்பது தெருவில் பேச்சாகிவிட்டது. அதை 'மக்கா' என்று கூப்பிடுகிறார் என்பதைப் பெரிய அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் பால் திருட வருகிற பூனையும் மக்காதான், வாழையைத் தின்கிற மாடும் மக்காதான். அன்றைக்கு அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் பெரியம்மாவிடம் நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள். கிணற்றடிக்கு அவரைத் தனியாக விடாமல் யாராவது ஒருத்தி கூடவே போனாள்.

பெரியப்பா முற்றத்தைத் தாண்டும்போது தாராவை முறைப்பார், தாராவும் கழுத்தை நீட்டி அவரை முறைக்கும். ஒரு நாள் காலையில் வயல் வரப்பில் அவர் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பஞ்சாரத்தைத் தூக்கித் துண்டை உதறினார். ஒரு கை நத்தை. தாரா அவசரம் அவசரமாகத் தின்றது. அவர் அது தின்று முடிக்கும் வரை குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தையில் ஒரு நாள் மாலை சித்தப்பா அப்பாவிடம் பேசியதைக் கேட்டுவிட்டேன். அருமனையில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம், புத்தி பேதலித்தவர்களுக்குத் தலையை மழித்து, எண்ணெய் வைத்துக் கட்டி, மாதக்கணக்கில் அங்கேயே வைத்திருந்து குணமாக்குவாராம். அறுப்பு தொடங்கியதும் ஒரு வாடகைக் கார் பேசிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார். அப்பாவும் சரி என்றார்.

எனக்கு அன்று முதல் தலை வாரிக்கொள்ள உட்காரும்போதெல்லாம் அழுகை முட்டியது. பெரியம்மாவுக்கு முழங்கால் வரை முடி. அதை மழித்துவிடுவார்களே என்றும், இருட்டறையில் கட்டிப்போடுவார்களே என்றும், யார் எனக்குப் பின்னல் போடுவார்கள் என்றும் மாறி மாறி நினைத்தேன். தாரா இருந்தால்தானே பைத்தியம் என்கிறார்கள், தாரா போய்விட்டால் சரியாகிவிடாதா என்று ஒரு நாள் தோன்றும். தாராவும் போய்விட்டால் பெரியம்மா என்ன ஆவாரோ என்று மறுநாள் தோன்றும். யாரிடமும் சொல்ல முடியவில்லை. வயலில் கதிர் முற்றிவிட்டது, எனக்குத் தகரம் தட்டும் வேலையும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்து கரைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன்.

மாசிப் பிறப்பிலேயே குளத்தில் தாராக் கூட்டம் குறைய ஆரம்பித்தது. ஒரு காலையில் பெரியம்மா எங்கள் தாராவின் காலிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். அது கொஞ்சநேரம் படித்துறையை ஒட்டியே நீந்தியது. சிறகை இரண்டு மூன்று தடவை அடித்துப் பார்த்தது. அப்புறம் தண்ணீரை உதைத்துக்கொண்டு எழும்பி, தாமரைக்கு மேலே தாழப் பறந்து, நடுக்குளத்துக் கூட்டத்தில் போய் இறங்கிவிட்டது. வளையம் அதன் காலோடே போயிற்று. இப்போதும் தாராக் கூட்டத்தைக் கண்டால் நான் முதலில் காலைத்தான் தேடுகிறேன். நீந்துகிற பறவைக்குக் கால் எங்கே தெரியும்? அந்தக் கேமராப் பிள்ளையிடம் படத்தில் ஏதாவது காலில் வளையம் தெரிகிறதா என்று கேட்டேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்தது.

வீட்டில் எல்லாரும் பெரியம்மா இடிந்து விழப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவர் கயிற்றைக் கழுவிக் கொடியில் காயப் போட்டார். "அதுக்கு அதுக்க ஊர் உண்டும்லா" என்று சொல்லிவிட்டு, புளி போட்டு அந்தப் பித்தளை வட்டையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். இது இன்னும் மோசம் என்றார் சித்தப்பா. மறுநாளே போய் வெள்ளிக்கிழமை காலைக்குக் கார் பேசிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் களத்தில் அடிப்பு நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் வாங்க நாகர்கோவிலுக்குப் போன சித்தப்பா, பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்துவிட்டார். மெலிந்து, காது மறைய முடி வளர்த்து, ஒரு தகரப் பெட்டியோடு நின்றானாம். சித்தப்பா அவனைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு, உடனே டீக்கடைக்கு இழுத்துப் போய்ப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். அம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் பிசகியிருக்கிறது, ஒரு தாரா வந்தது, அதை நீ நேர்ந்து விட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறாள், இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, தாங்க மாட்டாள். அண்ணன் நடுவில், "சித்தப்பா, ஒரு ஆபீஸ்காரரு என்னத் தேடி வந்து" என்று ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறான். அதெல்லாம் பிறகு என்று அடக்கிவிட்டார். சித்தப்பாவிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முடித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அண்ணன் முற்றத்தில் காலை வைத்தபோது பெரியம்மா முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, களத்திலிருந்து பெரியப்பாவும் அப்பாவும் உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு வந்துவிட்டார்கள். பெரியம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. மகனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. பொறுக்க முடியாமல் சித்தப்பா பின்னாலிருந்து அண்ணனை இடித்தார்.

"அம்மா, அந்தத் தாரா" என்றான் அண்ணன். "அது நான்தான் நேந்து விட்டேன்."

பெரியம்மாவின் முகம் மாறியது. "நீயா?" என்றார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"கொடைக்குக் கோழிக்க காலப் பிடிச்சுத் தாலேன்னு சொன்னதுக்கே ஓடினவன்லா நீ. நீ எங்க தாரா பிடிச்சு வளையம் போடப் போற? அது ஆபீஸ்காரங்க போட்டதாக்கும். அந்தக் குழல் சாரு எனக்கு எல்லாம் வெவரமா சொல்லித் தந்தாரு." பிறகு சித்தப்பாவையும் அப்பாவையும் பார்த்தார். "ஆருல இவனுக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

அப்பா, அப்படியானால் ஏன் அதை அண்ணன் நேர்ந்துவிட்டது என்று சொன்னீர்கள் என்று மெல்லக் கேட்டார். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"மகனத் தேடணும்னு கேட்டிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா? நேர்ச்சைன்னு சொன்னா வாயத் தொறக்க மாட்டீங்கன்னு தெரியும். ரெண்டு வருசமா பம்பாய்ல ஒரு ஆளுக்க விலாசம் கிட்டாதான்னு இருந்தேன். தாராக் காலுலதான் கிட்டிச்சு. கிட்டினத விடச் சொல்லுகியளா?"

அப்போதுதான் அண்ணனுக்குப் பேச இடம் கிடைத்தது. அந்த ஆபீஸில் ஒரு குளச்சல்காரர் வேலை பார்க்கிறாராம். கடிதத்தின் தமிழ்ப் பக்கம் அவர் கைக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பக்கத்து ஆட்கள் கூடுகிற இடங்களிலெல்லாம் பெயரையும் புருவத் தழும்பையும் சொல்லி விசாரித்து, கடைசியில் ஓட்டல் பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவனைப் பிடித்துவிட்டார். கடிதத்தைக் கையில் கொடுத்து, வாசித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாராம்.

பெரியப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அந்தத் துண்டையே கொஞ்சநேரம் பார்த்தார். நான் அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"பொறவு எதுக்குட்டி என்ன நத்த பொறுக்க வச்ச?" என்றார்.

"நான் பொறுக்கச் சொன்னனா?" என்றார் பெரியம்மா.

முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் முற்றமே சிரித்தது, பெரியப்பா உட்பட. அவர் சிரித்தபடியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு அண்ணனின் தோளில் ஒரு கையை வைத்து, களத்தில் ஆள் போதவில்லை, சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்லிவிட்டு நடந்தார். அண்ணன் பெட்டியைத் தூணோரம் வைத்துவிட்டு, சாப்பிடாமலே அவர் பின்னால் போனான்.

நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு நாளும் அடக்கி வைத்தது மொத்தமாக வந்துவிட்டது. தலையை மழிக்க மாட்டார்கள், இருட்டறை கிடையாது, பெரியம்மா இங்கேயே இருப்பார். பெரியம்மா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்து, அவிழ்ந்து கிடந்த பின்னலைப் போடத் தொடங்கினார்.

"ஏட்டி, நீ எதுக்கு அழுக? அத எழுதினது ஒனக்க கைதானே. ஒனக்குமா தெரியாது?"

ஒவ்வொரு எழுத்தையும் நான்தான் எழுதினேன். அதில் கிறுக்குத்தனமாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் பெரியவர்கள் முற்றத்தில் தாழ்ந்த குரலில் பேசினார்கள் என்பதால், என் கை எழுதியதை விட்டுவிட்டு அவர்கள் பேச்சை நம்பினேன். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, பாசத்தால்தான் அத்தனையும் செய்தார்கள். நேராக அவரிடம் ஒரு கேள்வி கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் களேபரத்தில் காரை மறந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அது ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. எதற்குக் கார் என்று பெரியம்மா கேட்டார். சித்தப்பா இரண்டு மூன்று பொய்யைத் தொடங்கிப் பார்த்து, எதுவும் சரிவராமல் உண்மையைச் சொல்லிவிட்டார். பெரியம்மா தன் கொண்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். வந்த காரை எதற்குத் திருப்பி அனுப்ப வேண்டும், பேச்சிப்பாறை அணையைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ஆண்களைக் களத்தில் விட்டுவிட்டு, பெண்களும் பிள்ளைகளுமாக அந்த ஒரு காருக்குள் எப்படி ஏறினோம் என்று இப்போது நினைத்தாலும் விளங்கவில்லை. நான் பெரியம்மா மடியில், ஜன்னலோரம்.

டிரைவருக்குச் சொல்லி வைத்திருந்தது அருமனை வழி. அப்படியே போய்ப் பேச்சிப்பாறைக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்று அதிலேயே போனார். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அருமனை வந்ததும் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் வைத்தியர் போர்டைப் பார்த்து டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா அந்தப் போர்டை நிதானமாக ஒரு தடவை பார்த்தார்.

"நிறுத்தாண்டாம் மக்கா, போவட்டும்" என்றார்.